ரிஃப்ளெக்டிவ் டைரியில் உண்மையாக என்னதான் எழுதுவது? (பி.எட். முதல் வருடம்)

களத்துமேடு எழுதியது:

வணக்கம். காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எட். படிக்கிறேன், முதல் வருடம். தினமும் சென்னிமலை, வெள்ளோடு வழியாகப் பஸ். அப்பா ஒரு தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் எருமை இருக்கிறது, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். இந்த விவரமெல்லாம் எதற்கு என்றால், கேள்வியில் பால் வருகிறது.

எங்கள் கல்லூரியில் ரிஃப்ளெக்டிவ் டைரி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வாரா வாரம் என்ன கற்றோம், நம்மிடம் என்ன மாற்றம் என்று எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். 2015-ல் பி.எட். இரண்டு வருடப் படிப்பானபோது 'தன்னை அறிதல்' மாதிரியான தாள்களும் உள்ளே வந்தன அல்லவா, அந்த வழியில் வந்த வழக்கம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.

வகுப்பில் எல்லோருடைய டைரியும் ஒரே டைரிதான். 'மேடை பயம் நீங்கியது. தன்னம்பிக்கை வளர்ந்தது. நேரத்தின் அருமையை உணர்ந்தேன்.' நானும் அதையே எழுதினேன். மேடம் சிவப்பு மையில் 'இன்னும் ஆழமாக எழுதவும்' என்று போட்டுவிட்டார்கள். மேடை பயம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஊர் நோம்பியில் மைக்கைப் பிடித்து நன்கொடை கொடுத்தவர் பெயரையெல்லாம் வாசிக்கிறவளே நான்தான். இல்லாத பயம் எப்படி நீங்கும்?

உண்மையாக மனதில் நிற்கிற விஷயங்கள் வேறு. சைக்காலஜி வகுப்பில் பியாஜே என்கிற உளவியலாளரைப் பற்றி நடத்தினார்கள். ஒரே அளவு தண்ணீரை அகலமான டம்ளரிலிருந்து ஒல்லியான டம்ளருக்கு மாற்றினால், ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பெரும்பாலும் உயரமாகத் தெரிகிறதில்தான் அதிகம் என்று சொல்லுமாம். வீட்டுக்கு வந்து அண்ணன் மகளிடம் பாலை வைத்துச் செய்து பார்த்தேன். அவளுக்கு ஐந்து வயது. இரண்டு டம்ளரில் சமமாக ஊற்றினேன். சமம் என்றாள். அவள் கண் முன்னாலேயே ஒன்றை நீளமான கண்ணாடி கிளாஸில் ஊற்றினேன். 'அத்தை, இதுல ஜாஸ்தி' என்று கிளாஸைப் பிடித்துக்கொண்டாள். திரும்ப டம்ளரில் ஊற்றினேன். 'இப்போ சமம்.' மறுபடி கிளாஸ். 'இப்போ ஜாஸ்தி.' ஒரு குழப்பமும் இல்லை முகத்தில். எனக்குத்தான் குழப்பம். தப்பாகச் சொல்கிறாள் என்று நினைக்கவே முடியவில்லை. அவள் பார்க்கிறதை அவள் சொல்கிறாள்.

இன்னொன்று, பள்ளியைக் கவனிக்க அனுப்பினார்கள். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அப்சர்வேஷன் ரெக்கார்டு எழுத வேண்டும். பாடத்தைவிட்டு நான் பிள்ளைகளின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிகிற பையன் போர்டுக்கும் நோட்டுக்கும் மாறி மாறித் தலையைத் தூக்குகிறான். புரியாதவன் தலையைத் தூக்குவதே இல்லை, பக்கத்து நோட்டுக்குச் சாய்ந்து அப்படியே நிற்கிறான். முன்னால் நிற்கிற டீச்சருக்கு இரண்டு பேருமே எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைகள்தான்.

இதையெல்லாம் டைரியில் எழுதலாமா? இதில் 'என்னுடைய வளர்ச்சி' எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படித்து முடித்த அண்ணன்கள், அக்காக்கள், உங்களுக்கு முதல் வருடத்தில் நிஜமாகவே என்ன மாறியது? அதை எப்படி எழுதினீர்கள்?


பஸ்பாஸ் எழுதியது:

சகோதரி, ரொம்ப யோசிக்காதீங்க. மேடத்துக்கு என்ன பிடிக்குமோ அதை நல்ல கையெழுத்தில் எழுதி, ஓரத்தில் ரெண்டு பூ வரைந்து, கையெழுத்து வாங்கி உள்ளே வையுங்க. பிராக்டிகல் தேர்வுக்குக் கமிஷன் வரும்போது வெளியிலிருந்து வருகிறவர் இந்த டைரியைப் புரட்டக்கூட மாட்டார். ரெக்கார்டு எத்தனை, சார்ட் எத்தனை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் டெட்டுக்கு, அதாங்க ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படியுங்க. 150 கேள்வி, பொதுப்பிரிவுக்கு 90 எடுக்கணும். நம்ம வளர்ச்சி எல்லாம் அதில் தெரிந்தால் போதும். நான் பி.எட். முடித்து வீட்டில் இருக்கிறேன், ஒறம்பரை (சொந்தக்காரங்க) வந்தால் முதல் கேள்வியே 'டெட் என்னாச்சு'ன்னுதான் வருது. 'உன்னை நீ அறிந்தாயா'ன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கலை.


தறிக்குடோன் எழுதியது:

பஸ்பாஸ் அண்ணன் சொன்னதில் பாதி சரி. கையெழுத்து வாங்கத்தான் வேண்டும், டெட் எழுதத்தான் வேண்டும். மீதிப் பாதியில் எனக்குச் சண்டை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சோமனூர். பி.எட். கணிதம் முடித்து இப்போது பல்லடம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தோம். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எங்களுக்கு முழிப்பு வரும். தறி ஓடுகிற வீட்டில் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். 'சோறு போடட்டுமா' என்பதையே அம்மா தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்கும். அப்பாவுக்குக் காது மந்தம். எதிரில் நிற்கிறவருடைய வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு கேள்விக்கு பதில் உடனே வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம், இன்னும் சத்தமாகக் கேட்போம்.

இந்தக் குரலோடுதான் பி.எட். போனேன். மைக்ரோ டீச்சிங் என்கிற குட்டிப் பாடப் பயிற்சியில் இந்தக் குரல்தான் எனக்குப் பேர் வாங்கித் தந்தது. கணீரென்று இருக்கிறது, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிறது என்று எல்லோரும் கருத்துத் தாளில் எழுதினார்கள்.

மைக்ரோ டீச்சிங் நீங்களும் செய்திருப்பீர்கள். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்து, 12 நிமிடம் திருத்தித் தயாரிப்பு, மறுபடி 6 நிமிடம் பாடம், மறுபடி 6 நிமிடம் கருத்து. ஒரு சுற்றுக்கு 36 நிமிடம். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை. நம் நாட்டில் இந்த நிமிடக் கணக்கோடு நடத்துகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறன்: பாடத்தைத் தொடங்குவது, விளக்குவது, கிளறிக் கேட்பது, போர்டில் எழுதுவது என்று. முறையைக் குறை சொல்ல மாட்டேன், கை நடுங்காமல் போர்டில் நேராக எழுத அங்கேதான் வந்தது. ஆனால் அதில் எதிரில் மாணவர்களாக உட்காருகிறவர்கள் யார்? கூடப் படிக்கிற பி.எஸ்சி. கணிதம் முடித்த ஆட்கள். 'முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் என்ன' என்று கேட்டு வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். அவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். ஒரு வருடம் முழுக்க நாம் கேள்வி கேட்டுப் பழகுகிறோம், பதிலுக்குக் காத்திருந்து பழகுவதே இல்லை.

அது இரண்டாம் வருடம் 16 வாரம் பள்ளிக்குப் போனபோதுதான் தெரிந்தது. எனக்குக் கைடாக வாய்த்தவர் பல வருடம் கணக்கு நடத்திய டீச்சர். நான் பாடம் எடுக்கும்போது ஜன்னலோரமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார், பார்க்கிற மாதிரியே தெரியாது. ஒருநாள் பீரியட் முடிந்ததும் சொன்னார்: 'நல்லாத்தானுங் நடத்துறீங்க தம்பி. ஆனா கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. பசங்க எதுக்குங் வந்திருக்காங்க? நாளைக்குக் கேள்வியைக் கேட்டுட்டுக் கையைக் கட்டிக்கிட்டுச் சித்த நேரம் சும்மா நில்லுங்க.'

மேரி பட் ரோ என்று ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் டேப் ரிக்கார்டர் வைத்து இதைத்தான் அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, 'தெரியாது' குறைகிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் திறக்கிறார்கள். தேர்வுக்கு இதை நான் படித்திருந்தேன், எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் தறி வீட்டுக்காரனுக்கு மூன்று வினாடி மௌனம் என்பது என்ன என்று நின்று பார்த்தால்தான் தெரியும். முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

ஏழாம் வகுப்பு, நேர் விகிதமும் எதிர் விகிதமும். புத்தகத்தில் இருக்கிற மாதிரிதான், ஆள் கூடினால் நாள் குறையும் என்று நடத்தினேன். 'ஒன்று கூடும்போது இன்னொன்று குறைகிற மாதிரி உங்க வீட்டில் என்ன இருக்கு?' என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். எனக்கு வாய் வரைக்கும் பதில் வந்துவிட்டது. அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்தான். அதுவரை அவன் குரலை நான் கேட்டதில்லை. 'பிக்கு கூடுனா மீட்டர் கொறையுங் சார்.'

தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊடை நூல் ஒரு தடவை குறுக்கே ஓடுவது ஒரு பிக். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக் என்பதுதான் துணியின் நெருக்கம். தறி ஒரே வேகத்தில்தான் ஓடும். அதனால் நெருக்கம் கூடினால் அதே நேரத்தில் இறங்குகிற துணி குறையும். 40 பிக் துணி 60 மீட்டர் இறங்குகிற தறியில் 48 பிக் போட்டால் 50 மீட்டர்தான். 40-ஐ 60-ஆல் பெருக்கினாலும் 2400, 48-ஐ 50-ஆல் பெருக்கினாலும் 2400. எதிர் விகிதத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. கூலியே பிக் கணக்கில்தான் போடுவார்கள் என்பதால் அந்தப் பையனுக்கு இது விரல் நுனியில் இருந்தது. அவனை போர்டுக்குக் கூப்பிட்டேன். 'எதிர் விகிதம்' என்ற தலைப்பை அவன் அதற்குப் பிறகுதான் நோட்டில் எழுதினான்.

அன்றைக்கு டைரியில் இதை அப்படியே எழுதினேன். கேட்ட கேள்வி, மௌனம், பையன் சொன்ன வார்த்தை, 2400. தன்னம்பிக்கை, ஆளுமை என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் மேடம் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: 'தறி வீட்டில் வளர்ந்த உங்களுக்கு இந்த உதாரணம் ஏன் முதலில் தோன்றவில்லை?'

அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏன் தோன்றவில்லை என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் 'டெக்ஸ்டைல்ஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கணக்கு என்பது தறிக்குடோனை விட்டு வெளியே போகிற வழி என்று எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது. குடோனுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது என்று ஒரு ஏழாம் வகுப்புப் பையன் சொல்ல வேண்டியிருந்தது. மேடத்தின் கேள்விக்குப் பதிலாக நான் நாலு பக்கம் எழுதினேன். அதை அவர்களிடம் காட்டவில்லை, வேறு நோட்டில் இருக்கிறது. எல்லாவற்றையும் கையெழுத்துக்கு நீட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை.

டைரிக்கு மார்க் போடுவதுதான் இதில் எனக்குப் பிடிக்காத விஷயம். மனதில் பட்டதை எழுது என்று சொல்லிவிட்டு அதற்குப் பத்துக்கு எத்தனை என்று போட்டால் யார் உண்மையை எழுதுவார்கள்? பிள்ளைகள் 'மேடை பயம் நீங்கியது' என்று எழுதுவது சோம்பலால் இல்லை, பாதுகாப்புக்கு.

களத்துமேடு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாலும் பின்தலையும் அப்படியே போகட்டும். வளர்ச்சி எங்கே என்று தேடி ஒரு வரி சேர்க்காதீர்கள். சேர்த்தால் மறுபடி அந்த ஒரே டைரிதான் வரும். தறியில் இழை அறுந்தால் நிறுத்திவிட்டு எந்த இழை என்று விரலால் தடவிப் பார்ப்போம், 'துணி நன்றாக வருகிறது' என்று எழுதி வைக்க மாட்டோம். பார்த்தது என்ன, அப்போது என்ன நினைத்தீர்கள், நாளைக்கு எதை மாற்றிச் செய்து பார்க்கப் போகிறீர்கள். எனக்கு இது மூன்றும் போதுமாக இருந்தது. அண்ணன் மகளிடம் செய்ததையே பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடமும் செய்து பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அந்தப் பக்கம் தானாக ஆழமாகிவிடும்.

பிள்ளைகள் பெயரை மட்டும் எழுதாதீர்கள். டைரி பல கைக்குப் போகும்.


கோபி டீச்சர் எழுதியது:

தம்பி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1990-களில் பி.எட். படித்தேன். அப்போது ஒரே வருடம், பாரதியார் பல்கலைக்கழகம். 2008-ல் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வந்து எல்லாக் கல்லூரியும் அதற்குக் கீழே போனது பிற்பாடு. எங்கள் காலத்தில் டைரியும் இல்லை, தன்னை அறிவதும் இல்லை. லெசன் பிளான் எழுதி எழுதி விரல் காய்த்ததுதான் மிச்சம்.

ஆனால் அப்புறம் பல வருடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கைடாக இருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். வந்த புதிதில் அவர்கள் கண் சார்ட்டில் இருக்கும். இத்தனை கஷ்டப்பட்டு வரைந்தது, ஆணி அடித்து மாட்டியாயிற்றா, கோணலாக இல்லையே என்று. கொஞ்ச நாள் போனால் கண் என் மேல் இருக்கும், டீச்சர் என்ன எழுதுகிறார் என்று. பிள்ளைகள் மேல் கண் எப்போது போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். சிலருக்குக் கடைசி வாரம் வரைக்கும் போகாது. களத்துமேடு, உனக்கு முதல் வருடத்திலேயே, அதுவும் கடைசி பெஞ்சிலிருந்தே போய்விட்டது கண்ணு. இதைவிட என்ன ஆழம் வேண்டும் உங்கள் மேடத்துக்கு?

நான் வருகிற பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். பாடம் எடுக்கும் முன்னால் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்து, ஜூனிலிருந்து படித்துப் பாருங்கள் என்பேன். முதலில் முழிப்பார்கள். அதில் படிக்க என்ன இருக்கிறது, கோடுதானே என்று. ஒரு பிள்ளை அங்கங்கே விடுப்பு என்றால் அது காய்ச்சல், சளி. வாரா வாரம் ஒரே கிழமையில் விடுப்பு என்றால் அன்றைக்குச் சந்தை, அந்தப் பிள்ளையின் அம்மா காய்க் கூடை எடுத்துப் போகிறாள், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் சேர்ந்தாற்போல நாலைந்து பேர் இல்லை என்றால் மஞ்சள் வெட்டு. எங்கள் பக்கம் மஞ்சள் அப்போதுதான் எடுப்பார்கள். வெட்டி, வேகவைத்து, காயவைக்கிற வரைக்கும் வீட்டில் எல்லாக் கையும் வேண்டும். சரியாகப் பப்ளிக் எக்ஸாமுக்கு முந்தின மாசங்கள். அந்த வாரத்தில் புதுப்பாடம் தொடங்காதீர்கள், ரிவிஷன் வையுங்கள் என்று சொல்வேன். லெசன் பிளானில் இதற்கு இடமே கிடையாது.

ஒரு வருடம் வந்த பெண் ஒருத்தி ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் தன்னுடைய பிளான் வரிசையையே மாற்றி எழுதிக்கொண்டு வந்தாள். அவளுக்கு நான் வேறு எதுவும் சொல்லித் தரவில்லை.

தம்பியின் தறிக் கணக்குக்கு ஒன்று சேர்க்கிறேன். இது புதிதில்லை. 1937-ல் காந்தி வார்தாவில் ஆதாரக் கல்வி என்று சொன்னது இதைத்தானே, கைத்தொழிலைச் செய்துகொண்டே அதிலிருந்து கணக்கும் மற்றதும் வரட்டும் என்று. நம் பக்கத்துக்காரர்தான், திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் ஐயா. 1930-ல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார், 1946-லிருந்து 1949 வரை சென்னை மாகாணத்தில் கல்வி அமைச்சராக இருந்தபோது ஆதாரக் கல்விக்கு நிறையச் செய்தார். வித்யாலயம் இன்றைக்கும் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது, அங்கேயே பி.எட். கல்லூரியும் இருக்கிறது. நூல் நூற்பதிலிருந்து கணக்கு என்று அப்போது பேசியதை, தறி ஓடுகிற வீட்டுப் பையன் எழுந்து நின்று சொன்னதும்தான் எனக்கே சரியாகப் புரிகிறது.


ஊத்துக்குளி ரோடு எழுதியது:

நானும் இப்போது படிக்கிறவள்தான், இரண்டாம் வருடம், ஆங்கிலம். திருப்பூர். டீச்சர் சொன்ன மாதிரி ரிஜிஸ்டர் எனக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.

நான் செய்கிறது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு துண்டுத் தாளில் வகுப்பு பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்துக்கொள்வேன். கூட வருகிற தோழி பின்னால் உட்கார்ந்து, நான் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பாள். அவள் பாடம் எடுக்கும்போது நான் வைப்பேன். பீரியட் முடிந்ததும் தாளைப் பார்த்தால் புள்ளியெல்லாம் நடு வரிசையில், முன் இரண்டு பெஞ்சில் குவிந்து கிடந்தது. ஜன்னல் பக்க வரிசை முழுக்க வெள்ளை. அங்கே உட்காருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி வேலைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள். தமிழ் பேசுவார்கள், எழுதத்தான் திணறுவார்கள். ஆங்கிலம் எல்லோருக்குமே புதுசு என்பதால் என் பாடத்தில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே கோடுதான், சொல்லப்போனால் அவர்களில் ஒருத்தி ஸ்பெல்லிங்கில் எல்லோரையும் தாண்டுகிறாள். அது எனக்குத் தெரியாமல் இருந்தது, ஏனென்றால் நான் கேட்டதே இல்லை. இப்போது ஜன்னல் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

அந்தத் துண்டுத் தாளையே டைரியில் ஒட்டிவிட்டேன். கீழே இரண்டே வரி. எங்கள் சார் ஆழம் போதாது என்று சொல்லவில்லை. பக்கம் குறைவு என்று மட்டும் சொன்னார்!


களத்துமேடு எழுதியது:

அண்ணா, டீச்சர், அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்றாம் வகுப்புப் பையனிடம் நேற்றுப் பொழுதோடே செய்து பார்த்துவிட்டேன். கிளாஸில் ஊற்றியதும் சிரித்துவிட்டான். 'அக்கா, அதே பால்தானுங், கிளாஸு ஒல்லியா இருக்குது, அதான் மேல ஏறிருச்சு' என்றான். பக்கத்தில் நின்ற ஐந்து வயசுக்காரி ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது. கடைசியில் அவன் சொசைட்டிப் போணியை எடுத்து வந்து அளந்து காட்டினான். போணியில் சரியாக இருந்ததை அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, 'போணில சமம், கிளாஸ்ல ஜாஸ்தி' என்றாள். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லத் தோன்றியது, ஆனால் தறிக்குடோன் அண்ணன் சொன்ன மாதிரி கையைக் கட்டிக்கொண்டேன். இந்தச் சண்டையை அப்படியே பேச்சுப் பேச்சாக எழுதி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை டைரி கொடுக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். பின்தலை விஷயத்தை எழுதினால், அந்த வகுப்பு டீச்சரைக் குறை சொல்கிற மாதிரி ஆகாதா? அவர்கள் நல்ல டீச்சர். முன்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியாது என்பதைத்தான் நான் பார்த்தேன்.


கோபி டீச்சர் எழுதியது:

'நான் முன்னால் நிற்கும்போது எனக்கும் தெரியாது' என்று எழுது. அது உண்மைதானே. முடிந்தால் அந்த டீச்சரிடமே அதைக் காட்டு, கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாடம் நடத்திக்கொண்டே வகுப்பின் பின்பக்கம் போய் நிற்கிற டீச்சர்களைப் பார்த்திருப்பாய், அவர்கள் காற்றாட நடப்பதில்லை.


பஸ்பாஸ் எழுதியது:

எல்லாம் சரி, படித்தேன், நன்றாக இருக்கிறது. தறிக்குடோன் தம்பி, அந்த 36 நிமிடக் கணக்கு டெட்டுக்கு வருமா? வந்தால் எந்த வரிசை?


தறிக்குடோன் எழுதியது:

வந்தாலும் வரும்ணா. பாடம் 6, கருத்து 6, தயாரிப்பு 12, பாடம் 6, கருத்து 6. பியாஜே கட்டாயம் வரும், பாலைக் காய்ச்சுங்க.